கொடுப்பதும் கேட்பதும்

அரிசிப் பையை அவன் இடது கையால் வாங்கினான்.

2018-ஆம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்ததும் எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் எட்டுப் பேர் ஒரு குட்டியானையில் அரிசிப் பைகளையும் கம்பளிகளையும் ஏற்றிக்கொண்டு மண்ணூருக்கு வந்திருந்தோம். வடக்கே இருந்து வேலைக்கு வந்த பையன்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அவர்களை வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி, ஒரு கம்பளி, ஒரு கேக் பொட்டலம். நோட்டில் டிக் போடுவது என் வேலை. இன்னொருத்தர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சபையில் மூத்த அக்கா ஒருவர் அவனைப் பார்த்தார். கோபமாக இல்லை, வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்: "திங்கிற அரிசிப்பா. வலது கையில வாங்கு."

அவனுக்குத் தமிழ் புரிந்திருக்காது, சைகை புரிந்தது. போர்த்தியிருந்த துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கேறிய கட்டு. அக்கா "ஐயோ ஏசுவே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு பையை அவன் தோளில் மாட்டிவிட்டு, இன்னொரு கம்பளியும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான். வரிசை நகர்ந்தது. நான் டிக் போட்டேன்.

எட்டுப் பேர் இருந்தோம். என்ன ஆச்சு என்று ஒருவர்கூட அவனிடம் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து அதை எழுத உட்காருவதற்குக் காரணம் குற்ற உணர்ச்சி மட்டுமில்லை. கொடுப்பது நல்ல காரியம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் கொடுப்பதால்தான் நாங்கள் கேட்காமல் இருந்தோமோ என்ற சந்தேகம் அன்று தொடங்கியது. கையில் அரிசி இல்லாமல் வெறும் ஆளாக அவன் எதிரே நின்றிருந்தால் "என்னப்பா கையில?" என்று தானாக வாயில் வந்திருக்கும். அரிசி நடுவில் இருந்ததால் எங்களுக்குள் வேறு பேச்சே தேவைப்படவில்லை.

*

மண்ணூரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தண்டலத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுப் பேரம்பாக்கம் பக்கம் திரும்பினால் வரும் ஊர். என் தாத்தா காலத்தில் ஏரிப் பாசனம், நெல், வேர்க்கடலை. 1990-களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, 1998-இல் முதல் கார் வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-இல் மூடிக்கொண்டு போனது. ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் பத்து வரும். அந்தப் பத்துக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர்கள் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் ஆட்கள் தங்குவதற்கு லைன் வீடுகள் வரும்.

அந்த லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. நிலத்தை விற்ற காசில் அப்பா கட்டியது. ஆறு ரூம், ஒவ்வொன்றிலும் அஞ்சாறு பேர், தலைக்கு 1,200 ரூபாய் வாடகை, ஆறு ரூமுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். நான் பி.காம் முடித்து ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போகும்வரை எங்கள் வீட்டுச் சாப்பாடு அந்த வாடகையில்தான் வந்தது. அதாவது, அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாருக்கு அரிசி கொடுத்தோமோ அவர்கள்தான் எங்களுக்கு அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கை போன பையன் எங்கள் லைன் வீட்டிலேயே, நாலாவது ரூமில் இருந்தான். விபத்து நடந்து இருபது நாள் ஆகியிருந்தது. இருபது நாளாக எனக்குத் தெரியவில்லை.

*

மறுநாள் சாயங்காலம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தி, அவன் பக்கத்து ரூம்காரனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழ். இரண்டையும் வைத்துக் கதை வந்தது. ஊர் ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டம். வயது இருபத்தொன்று. ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் மெஷினில் போட்டார்கள். நைட் ஷிப்ட், இரண்டாவது ஷிப்டும் சேர்த்துப் பார்த்த நாள். கையை எடுப்பதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. காண்ட்ராக்டரின் ஆள் வேனில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனான். ரூமில் வழுக்கி விழுந்து கதவில் கை நசுங்கியது என்று எழுதவைத்தார்கள். பத்தாயிரம் ரூபாய் கையில் கொடுத்து, ஆறினதும் ஊருக்குப் போய் வா என்றார்கள்.

என் பிழைப்பே அந்தக் கணக்குகள்தான், அதனால் எனக்குச் சட்டம் தெரியும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. காண்ட்ராக்டர் பணம் கட்டாவிட்டால் அவன் வேலை பார்க்கும் கம்பெனிதான் பொறுப்பு. ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் வரும். ஒரு கையில் இரண்டு விரல் போனால் உழைப்புத் திறனில் 20 சதவீதம் இழப்பு என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கேற்ப மாதாமாதம், ஆயுசு முழுக்க, ஒரு தொகை வர வேண்டும். இத்தனைக்கும் முதல் படி ஒரு விபத்து அறிக்கை. அந்த ஒரு தாள்தான் எழுதப்படவில்லை.

இதையெல்லாம் அவனிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இடது கையாலேயே பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தான். கழுத்தில் செபமாலை. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். பக்கத்து ரூம்காரன் மொழிபெயர்த்தான்: "டெய்லி இல்ல, சண்டே சண்டே உங்க சர்ச்சுக்கு வர்றானாம். பின்னாடி கதவுகிட்ட நிப்பானாம்."

எங்கள் பங்குக்காரன். ஒன்றரை வருஷமாக ஒரே பூசையில் இருந்திருக்கிறோம். 'வெளியே இருக்கும் ஏழைகளுக்கு'ச் சேவை செய்யப் போன பட்டியலில் அவனுக்கு நான் டிக் போட்டிருக்கிறேன்.

*

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தக் காண்ட்ராக்டரும் எங்கள் பங்குதான். பங்குப் பேரவையில் உறுப்பினர். அன்று கொடுத்த அறுபது பை அரிசியில் பாதிக்கு மேல் அவர் உபயம்.

அவரை வில்லனாக எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கோயில் திருவிழாவுக்கு முன்னால் நிற்பார், யார் வீட்டில் சாவு என்றாலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். அவரும் ஒரு காலத்தில் ஹெல்பராகத் தொடங்கியவர். மேலே இருக்கும் கம்பெனி தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதற்குள் அவர் லாபம் பார்க்க வேண்டும், ஒரு விபத்து அறிக்கை போனால் அடுத்த வருஷம் ஆர்டர் இன்னொருத்தருக்குப் போய்விடும். இது நியாயமில்லை, இப்படித்தான் நடக்கிறது என்று சொல்கிறேன்.

நான் ஃபாதரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்ன பதில்கள் மூன்று. இன்றுவரை மூன்றுக்கும் முழுப் பதில் என்னிடம் இல்லை.

முதலாவது: "கேஸ்னு போனா ரெண்டு மூணு வருஷம் இழுக்கும்பா. அவனுக்கு நாளைக்குச் சாப்பாடு வேணும்." இரண்டாவது: "அந்த ஆள்கிட்ட இன்னும் நாப்பது பசங்க வேலை பாக்குறாங்க. காண்ட்ராக்ட் போச்சுன்னா நாப்பது பேரும் தெருவுல." மூன்றாவது: "அவன் கேக்குறானா? நீ கேக்குறியா?"

மூன்றாவதுதான் குத்தியது. ஏனென்றால் அவன் கேட்கவில்லை. ஊருக்குப் போக வேண்டும், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னான். கேஸ் போட்டால் இங்கேயே இருக்க வேண்டுமே, எங்கே இருப்பேன், யார் ரூம் வாடகை கொடுப்பது என்று திருப்பிக் கேட்டான். வாடகை வாங்குகிற வீட்டுப் பிள்ளையிடம்தான் கேட்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் பதில் சொல்லவில்லை.

சபையில் பன்னிரண்டாயிரம் சேர்ந்தது. ஜனவரியில் தன்பாத் போகிற ரயிலில் ஏற்றிவிட்டோம். போகும்போது அந்த இரண்டாவது கம்பளியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆளுக்கு ஒன்றுதானே கணக்கு என்றான்.

*

கொடுப்பது பெரிதா, நியாயம் கேட்பது பெரிதா என்ற வழக்கு திருச்சபைக்குள்ளேயே ரொம்ப காலமாக நடக்கிறது. நாங்கள் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையே ஒரு சண்டையில் பிறந்ததுதான். 1833, பாரிஸ். பிரெடரிக் ஓசனாம் என்ற 20 வயது சட்டக் கல்லூரி மாணவர் திருச்சபையின் பெருமைகளை விவாதத்தில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, எதிரணி மாணவர் ஒருவர் மடக்கியிருக்கிறார்: பழைய கதையெல்லாம் சரி, இப்போது நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நண்பர்களோடு விறகைத் தூக்கிக்கொண்டு ஏழை வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். சபையின் முதல் விதி பண்டம் கொடுப்பது இல்லை. வீட்டுக்குப் போவது, இரண்டு பேராக, உள்ளே போய் உட்கார்ந்து பேசுவது. குட்டியானையில் வந்து தெருவில் வரிசை போட்டதை அவர் பார்த்திருந்தால் இது நம் சபைதானா என்று கேட்டிருப்பார்.

பிரேசிலின் ஆயர் எல்தர் கமாரா சொன்னதாக ஒரு வாசகம் ஸ்டேட்டஸ்களில் சுற்றும். ஏழைக்குச் சோறு போட்டால் புனிதர் பட்டம், அவன் ஏன் ஏழை என்று கேட்டால் வேறு பட்டம் என்கிற கருத்து. நானே பல தடவை பகிர்ந்திருக்கிறேன். பகிர்வதற்குச் செலவில்லை. ஆனால் கமாரா இருந்தது சர்வாதிகார ஆட்சியில். அங்கே ஏன் என்ற கேள்வி தூரத்தில் இருக்கும் அரசாங்கத்தைப் பார்த்துப் போனது. மண்ணூரில் அந்தக் கேள்வி அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்துப் போகிறது. அவரைத் தாண்டி என் அப்பாவிடம் போகிறது. அவரையும் தாண்டி என்னிடம் வருகிறது. பக்கத்தில் வர வர, கேள்வியின் சத்தம் குறைகிறது.

ரொம்ப தூரத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பாயில் ஹைட்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே தொலோரஸ் மிஷன் என்ற இயேசு சபைப் பங்கு. சுற்றிலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த ஏழைகள், அந்நகரத்தின் மிக வறிய பங்குகளில் ஒன்று. 1980-களில் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் கோயிலைத் திறந்துவிட்டார்கள். ராத்திரி ஆண்கள் பெஞ்சுகளுக்கு நடுவே படுத்துத் தூங்குவார்கள், காலையில் பூசை நடக்கும். அப்போது பங்குத்தந்தையாக இருந்த கிரெகரி பாயில் பின்னாளில் எழுதியிருக்கிறார்: எத்தனை கழுவினாலும் கோயிலில் கால் நாற்றம் போகவில்லை, ஜனங்கள் முணுமுணுத்தார்கள், சிலர் வேறு கோயிலுக்குப் போனார்கள். ஒரு ஞாயிறு அவர் பிரசங்கத்திலேயே அதை எடுத்து, கோயில் என்ன வாசம் அடிக்கிறது, ஏன் அடிக்கிறது, நாம் ஏன் இதைச் செய்கிறோம் என்று ஜனங்களிடமே கேள்வி கேள்வியாகக் கேட்டாராம். அவர்களே பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த நாற்றம் அவர்களுடைய சொந்த வாசமாகிவிட்டது.

இதைப் படித்தபோது எங்கள் பெரிய வியாழன் ஞாபகம் வந்தது. ஃபாதர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, நகம் வெட்டி, கழுவின காலோடு வந்து உட்காருவார்கள். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். கழுவின காலை எதற்குக் கழுவுகிறார்கள்? எங்கள் சேவையும் அப்படித்தான் இருந்தது. நாற்றம் இல்லாத ஏழையைத்தான் எங்களுக்குப் பிடித்திருந்தது. கட்டு அவிழ்க்காத கையைத்தான்.

*

வேறொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். அரிசி கொடுக்கப் போகும்போதெல்லாம் டீக்கடையில் யாராவது கேட்பார்கள்: "என்னா, இந்திக்காரனுங்களையும் மாத்தப் போறீங்களா?" பாதி கிண்டல், பாதி நிஜம்.

இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. பசித்தவன் முன்னால் சோற்றையும் வேதத்தையும் சேர்த்து வைத்தால் அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. 2005-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் எழுதிய முதல் சுற்றுமடலே அன்பைப் பற்றியதுதான். அன்புச் சேவையை மதம் மாற்றும் வழியாக்கக் கூடாது, அன்புக்கு வேறு நோக்கம் இருக்கக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்கிறார்.

ஆனால் சிம்டேகா பையனை யாரும் மாற்ற வேண்டியதில்லை. அவன் முன்னோர் கிறிஸ்தவர்களான கதையைப் பிற்பாடுதான் படித்தேன். 1885-இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜியப் பாதிரியார் சோட்டா நாக்பூரில் தோர்பா என்ற ஊருக்கு வந்தார். அங்கே முண்டா, ஒராவோன் ஜனங்கள் ஜமீன்தார்களிடம் நிலத்தை இழந்துகொண்டும் கூலியில்லாத வெட்டி வேலை செய்துகொண்டும் இருந்தார்கள். லீவன்ஸ் அவர்களுடைய வழக்குகளைப் படித்தார், சட்டம் கற்றுக்கொண்டார், கோர்ட்டுக்குப் போக உதவினார். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் அவர் சபையில் சேர்ந்தார்கள். அவர் எட்டு வருஷத்துக்குள் காசநோயில் இறந்துபோனார். 1908-இல் ஆதிவாசி நிலத்தைக் காக்கும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தபோது, அதை வடிவமைப்பதில் ஹாஃப்மன் என்ற இன்னொரு இயேசு சபைப் பாதிரியாருக்குப் பெரிய பங்கு உண்டு.

வழக்குக்காக மதம் மாறினார்கள் என்று இதையும் குறை சொல்லலாம், சொன்னவர்கள் உண்டு. என் யோசனை வேறு பக்கம் போனது. அந்தப் பையனின் கொள்ளுத்தாத்தா தெரிந்துகொண்ட திருச்சபை, அவருக்காகக் கோர்ட் வாசலில் நின்றது. நூற்றி முப்பது வருஷம் கழித்து அவன் வந்து நின்ற திருச்சபை அவனுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்தது.

*

இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். 1960-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையும் பால் பவுடரும் கோயில்கள் வழியாக ஜனங்களுக்குக் கிடைத்த காலம். அதை வாங்கியதற்காக ஊரில் எங்களைக் "கோதுமைக் கிறிஸ்தவங்க" என்பார்கள். தாத்தாவுக்கு அந்தப் பேச்சு சாகும்வரை ஆறவில்லை. ஆனால் கோதுமையைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் ஒரு சிஸ்டரைப் பற்றி: "சேரிக்குள்ள வந்து, நம்ம வூட்டுத் திண்ணையில உக்காந்து, உங்க பாட்டி குடுத்த சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாங்கடா."

கொடுத்ததை அவர் மறந்துவிட்டார், வாங்கிக் குடித்ததை மறக்கவில்லை. தண்ணீர் யார் கையால் யார் வாங்குகிறார்கள் என்பதில்தான் மனுசன் மட்டம் முடிவாகிற ஊரில், ஒருத்தர் நம்மிடம் வாங்கிக்கொள்வது கோதுமையைவிடப் பெரிய கொடை. எங்கள் திருச்சபைக்குள்ளேயே சாதிக்குத் தனிக் கல்லறை இருந்த ஊர்கள் உண்டு. கிறிஸ்தவனானால் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்கிறது 1950-ஆம் வருஷத்து ஆணை. வெளியே உரிமையும் இல்லை, உள்ளே சமத்துவமும் இல்லை என்று வளர்ந்த நாங்கள், எங்களைவிடக் கீழே ஒருத்தன் வந்ததும் வரிசை போட்டுக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம்.

திருக்குறளில் ஈகைக்கு ஒரு அதிகாரம் உண்டு, 23-ஆவது. அதற்கு முன்னால், 22-ஆவதாக, ஒப்புரவறிதல் இருக்கிறது. பள்ளியில் இரண்டும் ஒன்று என்றே படித்தோம். இப்போது பார்த்தால் வேறு வேறு. ஈகையில் கொடுப்பவன் ஒருவன், இரப்பவன் ஒருவன். ஒப்புரவில் வள்ளுவர் காட்டும் உவமைகள் ஊர்க்குளம் நிரம்புவதும் ஊர் நடுவில் மரம் பழுப்பதும். குளத்தின் முன்னால் யாரும் வரிசையில் நின்று கும்பிடுவதில்லை. அவரவர் குடத்தோடு வந்து மொண்டுகொண்டு போகிறார்கள். குளத்துக்கு நன்றி சொல்வதில்லை. ஆனால் குளத்தை யாராவது அடைத்தால் ஊரே திரண்டு கேட்கும். எனக்குப் புரிந்த வரையில் இதுதான் தர்மத்துக்கும் நியாயத்துக்கும் உள்ள உறவு. இஎஸ்ஐ பணம் அந்தப் பையனின் குளம். நாங்கள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, குளம் அடைபட்டதைப் பார்க்காமல் இருந்தோம்.

*

அப்படியானால் அரிசி கொடுப்பதே தப்பா? 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்த மறுநாளிலிருந்து மண்ணூரில் நடந்ததைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். காண்ட்ராக்டர்கள் போனை எடுக்கவில்லை. ரூம்களில் ஆயிரக்கணக்கான பேர் காசில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டினோம், பக்கத்து ஊர் ஜமாத்தார் அரிசி கொடுத்தார்கள், கோயில் அன்னதானக் குழுவினர் அண்டா கொடுத்தார்கள். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடும்வரை தினமும் இரண்டு வேளை. அந்த நாட்களில் யாராவது வந்து "இது தர்மமா நியாயமா" என்று விவாதித்திருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பேன். பசிக்கு விளக்கம் தேவையில்லை. 1867-இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதும் அதனால்தான்.

ஆனால் ஊரடங்கில் இன்னொன்றையும் பார்த்தேன். அப்போது யார் பசித்தவர் என்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை, ஏனென்றால் பசிக்குக் காரணம் ஒரு கிருமி. கிருமி பங்குப் பேரவையில் இல்லை. காரணம் நம்மில் ஒருவராக இல்லாதபோது கொடுப்பது சுலபம்.

2021 டிசம்பரில், ஐபோன் செய்யும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் ஹாஸ்டல் சாப்பாட்டில் நோய்ப்பட்டு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தபோது அவர்களுக்காக யாரும் கேட்கவில்லை, அவர்களே கேட்டார்கள். 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வேண்டும் என்று 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளி சங்கம் வைப்பது அவன் உரிமை என்று போப் பதிமூன்றாம் லியோ 1891-லேயே எழுதிவிட்டார். 2025-இல் வந்த புதுப் போப் அந்த லியோவை நினைத்துத்தான் தன் பெயரையே வைத்துக்கொண்டார். எங்கள் பிரசங்கங்களில் பெயர் வைத்த செய்தி வந்தது. 37 நாள் செய்தி வரவில்லை.

ஃபாதரின் மூன்றாவது கேள்விக்கு இப்போது பாதிப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன். "அவன் கேக்குறானா?" தமிழில் கேட்பது என்றால் யாசிப்பதும் உண்டு, வினவுவதும் உண்டு, காது கொடுப்பதும் உண்டு. அவன் கேட்கவில்லை, உண்மைதான். கேட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வேளைச் சாப்பாடும் தங்க இடமும் இருந்து, இரண்டு வருஷம் உன்னோடு இருக்கிறோம் என்று சொல்ல ஆளும் இருந்து, அதன் பிறகும் அவன் வேண்டாம் என்றிருந்தால் அது அவன் முடிவு. நாங்கள் அதில் எதையும் கொடுக்காமல், அவன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். முதலில் நாங்கள் காது கொடுத்திருந்தால் அவன் வாய் திறந்திருக்கலாம்.

*

2021-இலிருந்து பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் ஒரு மேசை போடுகிறோம். நானும், இந்தி தெரிந்த ஒரு சிஸ்டரும். சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தால் இஎஸ்ஐ எண் இருக்கிறதா, பணம் கட்டியிருக்கிறார்களா என்று போனில் பார்த்துச் சொல்வோம். அடிபட்டால் முதலில் என்ன எழுத வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்வோம். இந்து, முஸ்லிம், யாரும் வருவார்கள். இரண்டு பேருக்கு விபத்துப் பணம் வாங்கிக் கொடுக்க முடிந்தது. நாலு பேருக்கு முடியவில்லை. ஃபாதர் மாறிப் போய்விட்டார். போவதற்கு முன் அந்த மேசைக்கு ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

காண்ட்ராக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸிலிருந்து அவர் அரிசி வரவில்லை. அறுபது பை இருபத்தைந்து பை ஆனது. மிச்சம் முப்பத்தைந்து பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். இரண்டு பேருக்கு நியாயம் கிடைத்ததற்கு முப்பத்தைந்து பேரின் அரிசி விலையா? அவர்களிடம் கேட்டுவிட்டா அந்த மேசையைப் போட்டேன்? இந்தக் கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை. சம்பளக் கணக்குப் பார்க்கிறவனுக்கு முடியாத கணக்கு தூக்கத்தைக் கெடுக்கும்.

எங்கள் லைன் வீட்டில் இன்னொரு கக்கூஸ் கட்டினோம். வாடகையை அப்பா குறைக்கவில்லை, இப்போது தலைக்கு 1,800. குறைக்கச் சொல்லி அப்பாவிடம் நானும் கேட்கவில்லை.

திருப்பிக் கொடுத்த அந்தக் கம்பளி வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்துவைத்தது. ஒவ்வொரு டிசம்பரும் வெளியே எடுப்பேன். அது ஒருத்தனுடைய கைக்கு ஈடாகக் கொடுத்த கம்பளி என்று தெரிந்துகொண்டு இன்னொருத்தன் தோளில் எப்படிப் போர்த்துவது? மறுபடி உள்ளேயே வைத்துவிடுவேன்.